வரி ஏய்ப்பு

ஆகஸ்ட் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. விடிகாலை ஐந்து மணி இருக்கும். வீட்டில் யாரும் எழுந்திருக்கவில்லை. நான் பாயில் குப்புறக் கிடந்து, இடது முன்கையையும் இடது கன்னத்தையும் கோரையின்மேல் வைத்து அழுத்திக்கொண்டிருந்தேன். தூங்குவதற்காக இல்லை. தூக்கமெல்லாம் சோபாவிலேயே முடிந்துவிட்டது. கோரையின் வரி தோலில் பதிய வேண்டும், பதிந்தது அழிவதற்குள் பூங்காவுக்குப் போய்ச் சேர வேண்டும். அங்கே ஐந்தே முக்காலுக்கு நடைக்கு வரும் நாலு பேர் அதைப் பார்க்க வேண்டும். அதற்காகத்தான்.

எனக்கு 53 வயது. ஆடிட்டர் அலுவலகம் ஒன்றில் உட்கார்ந்து ஊராருக்கு வருமான வரிக் கணக்கு எழுதுவது தொழில். வரியைக் காட்டாமல் மறைப்பவர்களை இந்தத் தொழிலில் விதவிதமாகப் பார்த்துவிட்டேன். விழாத வரியை விழுந்ததாகக் காட்டியவன் நான் ஒருவன்தான்.

எல்லாம் ஜூலையில் ஆரம்பித்தது. மாதச் சம்பளக்காரர்களுக்குக் கணக்குத் தாக்கல் செய்ய ஜூலை 31 கடைசி நாள் என்பது அவர்களுக்கு 25ஆம் தேதிதான் நினைவுக்கு வரும். அந்த வாரம் முழுக்க நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் நாற்காலியில் இருந்தேன். முப்பதாம் தேதி இரவு எழுந்து நிற்கப் பார்த்தபோது மேல் பாதி மட்டும் எழுந்தது. இடுப்புக்குக் கீழே இருந்தது நாளைக்கு வருவதாகச் சொல்லிவிட்டது.

எலும்பு டாக்டர் என்னைக் குப்புறப் போட்டு, பக்கவாட்டில் போட்டு, காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, என்ன மெத்தை என்று கேட்டார். ஆறு அங்குல ஃபோம், பதினோரு வருஷம் ஆச்சு என்றேன். “குழி விழுந்திருக்குமே, மாத்திடுங்க. புதுசு ரொம்ப மெத்துன்னும் இருக்க வேண்டாம், ரொம்பக் கெட்டியாவும் வேண்டாம்” என்றார். முழுசாகத்தான் சொன்னார். நான்தான் முதல் பாதியை மட்டும் வீட்டுக்கு எடுத்துவந்தேன். வரும் வழியில் மெத்தைக் கடையில் ஏறி இறங்கியிருந்ததால், இரண்டாம் பாதி அங்கேயே தங்கிவிட்டது. நடுத்தரக் கெட்டியில் ஒரு மெத்தை 28,000 ரூபாய் என்றான் கடைப் பையன். தள்ளுபடி போக.

அன்று ராத்திரி சாப்பாட்டின்போது அறிவித்தேன்: இனி ஒரு மண்டலம், 48 நாள், தரையில் பாய் விரித்துத்தான் படுப்பேன். காரணமாக 28,000 ரூபாயைச் சொல்லவில்லை. நம் முன்னோரைச் சொன்னேன். கட்டில் மெத்தையெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த கெடுதல், நம்மவர்கள் காலங்காலமாகப் பாயில்தான் படுத்தார்கள், அதனால்தான் அவர்களுக்கு முதுகுவலியே வரவில்லை என்று ரசம் ஆறும்வரை பேசினேன்.

தமிழாசிரியையைக் கட்டிக்கொண்டவன் முன்னோரை வம்புக்கு இழுக்கக் கூடாது. என் மனைவி மோரை ஊற்றிக்கொண்டே, “திருப்பாவை பத்தொன்பதாம் பாட்டுல கண்ணன் எதுல படுத்திருக்கான்?” என்றாள். எனக்குத் தெரியவில்லை. யானைத் தந்தத்தில் கால் வைத்த கட்டிலில், பஞ்சசயனத்தின் மேல் என்றாள். நெடுநல்வாடையில் பாண்டிமாதேவிக்கும் தந்தக் கால் கட்டில்தான், அந்த யானைக்கு நாற்பது வயது என்பதுவரை எழுதிவைத்திருக்கிறார் நக்கீரர், மெத்தைக்குள் அன்னத்தின் தூவி. “அப்பல்லாம் எந்த வெள்ளைக்காரன் வந்தான்?”

“ஆனா அந்த அம்மாவுக்கு அதுல தூக்கம் வரலையே!” என்று மடக்கினேன். எப்போதோ அவள் விடைத்தாள் திருத்தும்போது காதில் விழுந்தது.

“அவங்க வீட்டுக்காரர் போர்ப் பாசறையில இருந்தார். அதனால வரலை. என் வீட்டுக்காரர் எங்க போறார்? கட்டிலுக்குக் கீழதானே?”

மகன் சிரித்தான். சபதம் செய்தாகிவிட்டது, இனி இறங்க முடியாது. இறங்கவேண்டியது தரைக்கு மட்டும்தான்.

பாய் என்றால் எங்களுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. எங்கள் ஊர் தாமிரபரணிக் கரை. பஸ் ஏறினால் பத்தமடை பக்கம்தான். ஆற்றங்கரைக் கோரையைப் பச்சையிலேயே அறுத்து, கீறி, காயவைத்து, அப்புறம் ஓடுகிற தண்ணீரில் ஒரு வாரம்போல ஊறப்போட்டு, அது உப்பி வந்தபின் மறுபடி காயவைத்து, இழை இழையாகக் கிழித்து, பாவு கட்டி நெய்வார்கள். தலைமுறை தலைமுறையாக அங்குள்ள முஸ்லிம் குடும்பங்களின் கைவேலை. நேர்த்தியை எண்ணில் சொல்வார்கள். நூறு, நூற்றிருபது, நூற்றி நாற்பது என்று ஏற ஏறக் கோரை நூலாகிவிடும், பாயைத் துணிபோல மடித்துக்கொள்ளலாம். 1953இல் எலிசபெத் ராணி முடிசூட்டிக்கொண்டபோது இங்கிருந்து ஒரு பாய் இங்கிலாந்து போனது என்று எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் சொல்வார்கள். ராணி அதில் படுத்தாரா என்று யாரும் கேட்டதில்லை.

எங்களிடமும் ஒன்று இருக்கிறது. கல்யாணப் பாய். என் பெயரும் அவள் பெயரும் தேதியும் நெய்தது. இருபத்தைந்து வருஷமாகப் பரணில், பழைய வேட்டி சுற்றி, உள்ளே வேப்பிலையோடு இருக்கிறது. அதை இறக்கட்டுமா என்றதற்கு மனைவி பார்த்த பார்வையில் பரணே கொஞ்சம் உயரம் கூடிக்கொண்டது. ஆனாலும் ஒரு மதியம் அவள் பள்ளிக்கூடம் போயிருந்தபோது இறக்கிப் படுத்துப்பார்த்தேன். அப்போதுதான் அதன் குறை தெரிந்தது. அவ்வளவு வழுவழுப்பு. அரை மணி நேரம் படுத்தும் முதுகில் ஒரு கோடு விழவில்லை. பாயில் படுத்தேன் என்று எழுந்து வந்து சொன்னால் எவன் நம்புவான்? சுருட்டி, வேட்டி சுற்றி, அதே வேப்பிலையோடு மேலே ஏற்றிவிட்டேன். (வேப்பிலை கொட்டிவிட்டது. புதிதாகப் பறித்துவைத்தேன். பச்சை வேப்பிலையைப் பார்த்து அவள் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப்போகிறாள்.)

கடைசியில் மொபெட்டில் பாய் கட்டிக்கொண்டு தெருவில் வருபவரிடம் வாங்கினேன். வந்தவாசிப் பாய் என்றார். 1760இல் இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் அடித்துக்கொண்ட வந்தவாசிதான். இப்போது அந்த ஊரின் பெயர் சொன்னால் பாய்தான் ஞாபகம் வரும், நல்ல முன்னேற்றம். முரட்டுக் கோரை, சிவப்பும் பச்சையுமாகக் கரை. கையை வைத்து எடுத்தால் வயல் வரப்புபோல வரி விழுந்தது. பேரம் பேசி 350 ரூபாய். மிச்சம் 27,650.

முதல் ராத்திரி. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது பட்டாசலில் ஜமக்காளத்தை விரித்தால் போதும், ஏழெட்டுப் பேர் குறுக்கும் நெடுக்குமாக விழுந்து, விழுந்த இடத்திலேயே தூங்கிப்போவோம். எங்கே தலை வைத்தோம், காலையில் யார் காலடியில் கிடந்தோம் என்று தெரியாது. அந்த உடம்பு இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது என்று நினைத்துப் படுத்தேன். மல்லாந்தால், முதுகும் பின்பக்கமும் தரையைத் தொட்டன, இடுப்பின் வளைவு மட்டும் தொடாமல் அந்தரத்தில் நின்று வலித்தது. ஒருக்களித்தால் என் 84 கிலோவும் ஒரு தோளையும் ஒரு இடுப்பெலும்பையும் பிடித்துக்கொண்டு தொங்கியது. மெத்தையில் தோள் கொஞ்சம் புதையும், இடுப்பு கொஞ்சம் புதையும், நடுவில் முதுகெலும்பு நேராக நிற்கும். தரை புதையுமா? எதிர்வீட்டுக்காரரிடம் கைமாற்றுக் கேட்ட மாதிரி அது அசையாமல் இருந்தது. குப்புறப் படுத்தால் மூச்சு முட்டியது. அப்புறம் எறும்பு. அப்புறம் கட்டிலுக்கு அடியில் இத்தனை நாளாக இருட்டில் என்னென்ன நடமாடியது என்பது.

பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது என்பார்கள். என் நித்திரை எல்லாம் அறிந்துவைத்திருந்தது. ஃபோம் எது, கோரை எது, எது எத்தனை அங்குலம் என்று விலைப்பட்டியல் கையில் வைத்துக்கொண்டு மூன்று மணிவரை வாசலில் நின்றது.

ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். எங்களுடையது மொட்டைமாடிக்குக் கீழே உள்ள வீடு. சென்னை ஆகஸ்டில் பகல் முழுக்கக் காய்ந்த கூரை ராத்திரியில் சூட்டைக் கீழே இறக்கும், ஃபோம் மெத்தை அதை வாங்கி முதுகுக்குக் கொடுக்கும். தரை அப்படியில்லை, குளுமையாகத்தான் இருந்தது. கோரைக்குள் காற்று போய்வந்தது. தூங்காமல் கிடந்தாலும் வேர்க்காமல் கிடந்தேன்.

படுப்பதைவிட எழுந்திருப்பதுதான் பெரிய காரியம். முதல் நாள் காலை முழங்காலை மடக்கி, ஒரு கையை ஊன்றி, இன்னொரு கையால் கட்டில் காலைப் பிடித்து, “அம்மா” என்று ஊரிலிருப்பவரைக் கூப்பிட்டு எழுந்தேன். மகன் பார்த்துவிட்டான். கையிலிருந்த போனில் எதையோ தேடி எடுத்து வாசித்தான். பிரேசிலில் மருத்துவர்கள் 51 முதல் 80 வயதுவரை 2002 பேரைத் தரையில் உட்காரச் சொல்லி, எழச் சொல்லி, மார்க் போட்டிருக்கிறார்களாம். 2012இல் வந்த ஆய்வு. உட்கார ஐந்து, எழ ஐந்து. கையையோ முழங்காலையோ ஊன்றினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு மார்க் போச்சு, தடுமாறினால் அரை மார்க். குறைந்த மார்க் வாங்கியவர்கள் அடுத்த ஆறு வருஷத்துக்குள் கணக்கை முடித்துக்கொண்டது அதிகமாம்.

“எனக்கு எவ்வளவுடா?”

“எழுந்ததுல மூணுப்பா. கட்டில் காலைப் பிடிச்சதுக்கு எவ்வளவு கழிக்கணும்னு இதுல போடலை.”

அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது வரிதான். முகம் கழுவும்போது கண்ணாடியில் பார்த்தேன். காதிலிருந்து தாடைவரை இணை இணையாகக் கோடு, முன்கையில், முதுகில் எல்லாம். பூங்காவில் ஓய்வுபெற்ற மின்வாரியப் பொறியாளர் ஒருவர் நின்று, “என்ன சார் முகத்துல?” என்றார். சொன்னேன். அடுத்த சுற்றில் நாலு பேருக்குத் தெரிந்தது. “பெரிய மனவுறுதி சார் உங்களுக்கு” என்றார் ஒருவர். ஐம்பத்து மூன்று வயதில் என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. டயட் இருந்திருக்கிறேன், இந்தி படித்திருக்கிறேன், டைரி எழுதியிருக்கிறேன். எதுவும் ஜனவரி பதினைந்தைத் தாண்டியதில்லை. இப்போது மனவுறுதிக்குச் சான்றிதழ் கன்னத்திலேயே அச்சாகி வந்தது. சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன். நாலாம் நாள் வாட்ஸாப்பில், கோரைப்பாய் சூட்டைத் தணிக்கும், ஈச்சம்பாய் இது செய்யும், தாழம்பாய் அது செய்யும் என்று உலாவும் பட்டியலை அவர்களுக்கு நானே அனுப்பினேன். பத்து வருஷமாக அந்த மாதிரி அனுப்புபவர்களைக் கேலி செய்தவன்.

எட்டு நாள் ஒழுங்காகப் பாயில் மட்டும் படுத்தேன். ஒன்பதாம் நாள், தரை ஈரமாக இருக்கிறது என்று பாய்க்கு அடியில் பவானி ஜமக்காளத்தைப் போட்டேன். ஈரத்துக்காக மட்டும்தான். நல்ல கனத்த ஜமக்காளம், கோடு கோடாக, கல்யாணத்துக்கு ஈரோட்டுக்காரர் ஒருவர் கொடுத்தது. பத்தாம் நாள் அதற்கும் கீழே மகனின் யோகா விரிப்பு. யோகா நம் பாரம்பரியம்தானே! பன்னிரண்டாம் நாள் சோலாப்பூர் போர்வை, இரண்டாக மடித்து. பதினாலாம் நாள், மைத்துனன் டெல்லியிலிருந்து வாங்கிவந்து சென்னையில் ஒருநாள்கூடப் பிரயோஜனப்படாத ரஜாய். பாய் எப்போதும் மேலே. அந்த ஒரு கொள்கையில் நான் வழுவவில்லை. வரி அதில்தானே இருக்கிறது.

ஒரு சனிக்கிழமை மனைவி பெருக்க வந்தாள். அடுக்கின் ஓரத்தில் நின்று, மேலிருந்து கீழே பார்த்தாள். மகனைக் கூப்பிட்டு ஸ்கேல் எடுத்துவரச் சொன்னாள். அளந்தான். நாலேகால் அங்குலம். அவன் அத்தோடு விடவில்லை, கட்டிலில் என் பக்கத்துக் குழியையும் அளந்தான். ஆறு அங்குலத்தில் இரண்டு போய் நாலு மிச்சம்.

“கட்டிலைவிட இங்கதான் கால் அங்குலம் அதிகம்ப்பா.”

“இதுக்குத் தமிழ்ல ஒரு பேர் இருக்கு” என்றாள் அவள், துடைப்பத்தை அந்தப் பக்கம் கொண்டுபோய்க்கொண்டே. “மெத்தை.”

அடுக்கைக் கலைத்தேன், ஜமக்காளத்தை மட்டும் வைத்துக்கொண்டேன். அன்றிலிருந்துதான் சோபா ஆரம்பம். எல்லோரும் தூங்கியபின் பதினொன்றரைக்கு ஹாலுக்குப் போவது, அலாரத்தைத் தலையணைக்குள் வைத்து நாலரைக்கு எழுவது, பூனைபோல வந்து பாயில் படுப்பது. முப்பது வருஷத் தாம்பத்தியத்தில்கூட இவ்வளவு திருட்டுத்தனமாக நான் நடந்ததில்லை. (இருபத்தைந்துதான். ஒரு திருட்டைச் சொல்லும்போது எண்கள் தானாக ஏறிக்கொள்கின்றன.) மூன்றாம் நாள் பூங்காவில் பொறியாளர் என் கன்னத்தை உற்றுப்பார்த்து, “இன்னைக்கு கோடு இல்லையே சார்” என்றார். தோல் பழகிருச்சு சார் என்று சமாளித்தேன். அவர் தலையாட்டிய விதம் சரியாக இல்லை. அடுத்த நாள் செவ்வாய்க்கிழமை. ஐந்து மணிக்குக் கன்னத்தைக் கோரையில் வைத்து அழுத்திக்கொண்டு கிடந்தேன்.

பத்து நிமிடம் அழுத்தினால் முக்கால் மணி நேரம் நிற்கும் என்று அனுபவத்தில் கண்டுகொண்டேன். வரியைத் தள்ளிவைக்க மட்டும்தான் அதுவரை எனக்குத் தெரியும்.

அந்த நாட்களில்தான் இன்னொரு துரோகம். மெத்தையைப் பற்றி உலகம் என்ன சொல்கிறது என்று அலுவலகத்தில் தேடிப் படித்தேன். ஸ்பெயினில் நாள்பட்ட இடுப்புவலிக்காரர்கள் 313 பேரை இரண்டாகப் பிரித்து, பாதிப்பேருக்குக் கெட்டி மெத்தை, பாதிப்பேருக்கு நடுத்தர மெத்தை கொடுத்து, யாருக்கு எது என்று சொல்லாமல் 90 நாள் பார்த்திருக்கிறார்கள். 2003இல் லான்செட் என்கிற மருத்துவ இதழில் வந்தது. நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்குத்தான் வலி நன்றாகக் குறைந்தது. அதாவது என் டாக்டர் சொன்ன அதே வாக்கியம், இரண்டு பாதியும் சேர்த்து. படித்துவிட்டு ஜன்னலை மூடினேன், கம்ப்யூட்டர் ஜன்னலை. அவர்கள் சோதித்தது மெத்தையைத்தானே, பாயை இல்லையே என்று எனக்கு நானே வாதாடி, எனக்கு நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன். பூங்காவில் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

ஆனால் உடம்பு படித்துவிட்டதை மறக்கவில்லை. முப்பதாம் நாள் போல, மதியச் சாப்பாட்டு நேரத்தில், விலை ஏதும் குறைந்திருக்கிறதா பார்க்கலாம் என்று அந்த மெத்தைக் கடைக்குப் போனேன். அதே பையன். “சும்மா படுத்துப் பாருங்க சார், ரெண்டு நிமிஷம்” என்றான். செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தேன். மோசிகீரனாரை என் மனைவி வருஷா வருஷம் நடத்துவாள். களைத்துப்போய் வந்த புலவர், முரசை நீராட்டக் கொண்டுபோயிருந்த நேரம், பூப்பரப்பிய முரசுகட்டிலில் ஏறித் தூங்கிவிடுகிறார். வெட்டவேண்டிய சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை, வாளை வைத்துவிட்டு விசிறி எடுத்து வீசுகிறான். நான் கண் விழித்தபோது முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. பையன் வீசவில்லை, கடையில் ஏசி. ஆனால் பக்கத்துக் கட்டிலில் யாரோ ஒரு குடும்பத்திடம், “சத்தம் போடாம பாருங்க சார், கஸ்டமர் தூங்குறார்” என்று என்னையே காட்டி வியாபாரம் செய்துகொண்டிருந்தான். அந்தக் குடும்பம் வாங்கிப்போனது. நான் வாங்கவில்லை. கமிஷன் கேட்டிருக்கலாம்.

48ஆம் நாள், செப்டம்பரில், ஊரிலிருந்து அம்மா வந்தார். கூடவே தங்கை, மச்சான், அவர்கள் பிள்ளைகள் இரண்டு. மறுநாள் தாம்பரத்தில் ஒரு கல்யாணம். அம்மாவுக்கு 78. இந்த 48 நாளும் நான் பேசிய பேச்சில் பாதி அம்மாவைப் பற்றியதுதான். எங்கம்மா இன்னைக்கும் கட்டாந்தரையில் பாய் விரித்துத்தான் படுப்பார், முதுகு கம்புபோல நிற்கும் என்று. மகனின் பரீட்சையில்கூட அம்மா ஒரு கையை ஊன்றி எழுந்து ஒன்பது வாங்கினார்.

ராத்திரி படுக்கை போடும் நேரம், “அம்மா, ஒனக்குப் பாய் விரிச்சிட்டேன், எம்பக்கத்துல” என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

அம்மா பாயைப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார். “ஏய்யா, நீதான் அதுல படுக்கதில்லையாமே. அந்த எடம் சும்மாதான கெடக்கு?”

“அது மெத்தைம்மா. ஒனக்கு ஒத்துக்காது.”

“எனக்கு ஒத்துக்காதுன்னு ஒனக்கு யாருல சொன்னா?”

கட்டிலில் உட்கார்ந்து, கையால் அமுக்கிப் பார்த்து, கதை சொல்ல ஆரம்பித்துவிட்டார். என் மகனிடம்தான். எங்கள் வீட்டில் மெத்தை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. போடியிலிருந்து வந்த இலவம்பஞ்சு. அத்தையின் மாப்பிள்ளை வந்தால் மட்டும்தான் மேலிருந்து இறங்கும். எனக்கு ஆறு வயதிருக்கும்போது, மாமா வருகிற அன்று விரித்துப் போட்டிருந்ததில் யாருக்கும் தெரியாமல் ஏறிப் படுத்துத் தூங்கி, நனைத்துவிட்டேன். இலவம்பஞ்சின் இழை உள்ளே குழலாக இருக்கும், மேலே மெழுகுபோல ஒரு பூச்சு, தண்ணீரை உறிஞ்சாது, அதனால்தான் ஒரு காலத்தில் கப்பல்காரர்கள் போட்டுக்கொள்ளும் மிதவைச் சட்டைக்குள் அதை அடைத்தார்கள் என்று பிற்பாடு படித்தேன். அன்றைக்கு அது என்னை மிதக்கவிடவில்லை. அப்பாவிடம் வாங்கியது இப்போதும் நினைவிருக்கிறது.

எனக்கு நினைவில்லாதது அடுத்தது. மூன்று நாள் அந்த மெத்தையைத் தட்டட்டியில் காயப்போட்டு, காக்கா குரங்கு வராமல் அம்மாதான் காவல் இருந்தாராம். “மூணா நாள் மத்தியானம், நல்ல வெயிலு. ஒருத்தரும் மேல வரல. ஓலைப் பாயைத் தலைக்கு மேல சாச்சு நெழலாக்கிட்டு, சித்த நேரம் அதுல படுத்தேன். நாலு மணி வரைக்கும் தெரியல. எறங்கி வந்தா ஒங்க ஆச்சி காப்பி போடலன்னு ஏசுதா.” சிரித்தார். “அதுக்கப்புறம் நான் எங்க மெத்தையில படுத்தேன்?”

மகன் என்னைப் பார்க்கவில்லை. அதுவே போதுமாயிருந்தது.

அம்மா என் குழியில் படுத்தார். அந்தக் குழிக்கு அவர் ரொம்பச் சின்ன ஆள். சோபா மச்சானுக்கு. ஜமக்காளம் தங்கைக்கும் பிள்ளைகளுக்கும். ரஜாய், சோலாப்பூர், யோகா விரிப்பு எல்லாம் ஹாலுக்குப் போய்விட்டன. எனக்கு மிஞ்சியது பாய் மட்டும்.

தொழில் தர்மப்படி, தப்பாகத் தாக்கல் செய்ததைத் திருத்திக் காட்ட வழி உண்டு. ஆகவே திருத்திய கணக்கு இது: மொத்தம் 48 ராத்திரி. வெறும் பாயில் 9. பாய்க்கு அடியில் எதையாவது வைத்து 17. சோபாவில் 14. மனைவி தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது கட்டிலில், என் குழியில்கூட இல்லை, குழி விழாத அவள் பக்கத்தில், 8.

அந்த ஒன்பதில் கடைசி ஒன்று அன்றைய ராத்திரி. ஓடிப்போக இடமில்லாததால் நான் உருளவும் இல்லை. எப்போது தூங்கினேன் என்று தெரியாது. மேலே அம்மாவின் குறட்டை கேட்டது, மின்விசிறிச் சத்தத்துக்குள் போவதும் வருவதுமாக. எங்கள் வீட்டில் நாலு மணிக்கு மேல் படுத்திருந்து நான் பார்த்திராத அம்மா, ஆறரை ஆகியும் எழவில்லை. அதுதான் காலையில் வீடே கட்டிலைச் சுற்றி நின்றது. தங்கை மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தாள். அம்மா கண்ணைத் திறந்து, “என்னட்டி?” என்றார். “நல்லாத் தூங்கினீங்களா அத்தை?” என்றாள் என் மனைவி. “மணி என்னா?” என்று கேட்டுவிட்டு, சொன்னதும் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

நான் தரையிலிருந்து எழுந்தேன். ஒரு கை, ஒரு முழங்கால், கட்டில் காலைத் தொடவில்லை. குளியலறைக் கண்ணாடியில் பார்த்தால், இடது கன்னத்தில் காதிலிருந்து உதட்டோரம்வரை, எண்ணிப்பார்க்கும்படி, ஆழமாக வரி. முதுகிலும் இருப்பது விரல் வைத்தால் தெரிந்தது. அழுத்தி வாங்கியதில் ஒருநாளும் இப்படி விழுந்ததில்லை. பூங்காவுக்கு நேரமாகிவிட்டது, அவர்கள் கலைந்திருப்பார்கள். வெளியே வந்து, இடது பக்கம் தெரியும்படி கட்டிலருகே போய் நின்றேன்.

“இங்க ஏன் மறைச்சுக்கிட்டு நிக்கிறீங்க?” என்றாள் மனைவி. “எட்டுப் பேருக்குக் காப்பி போடணும். ரெண்டு பாக்கெட் பால் வாங்கிட்டு வாங்க.”

பால் கடையில் வரிசை. பையோடு மூன்று மாடி ஏறி வந்து கண்ணாடியில் பார்த்தபோது, கன்னம் வழவழவென்று இருந்தது.